சொல்லுக்குப் பட்டா கேட்பவர்கள்: ‘தம்பாக்கு’ என்ற உலோகச் சொல்லை முன்வைத்து

1

தமிழில் சொல்லாராய்ச்சி என்று நடப்பதில் பெரும்பகுதி நிலத்தகராறு. ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு அது யாருடையது, முதலில் யார் கையில் இருந்தது, நடுவில் யார் ஆக்கிரமித்தார்கள் என்று சிட்டா அடங்கல் புரட்டுகிற வேலை. ஒரு கட்சி எல்லாச் சொல்லையும் தமிழ் வேரில் கொண்டுவந்து கட்டும். மறுகட்சி எல்லாவற்றையும் சமஸ்கிருதத் தாதுவில் போய் நிறுத்தும். தேவநேயப் பாவாணரின் ‘ஒப்பியன் மொழிநூல்’ வந்தது 1940இல். தென்கிழக்காசியாவைப் ‘பெரும் பாரதம்’ என்று உரிமை கொண்டாடிய ‘கிரேட்டர் இந்தியா சொசைட்டி’ கல்கத்தாவில் தொடங்கியது 1926இல். ஒன்றையொன்று வெறுக்கிற இந்த இரு மரபுகளுக்கும் அடியில் பொதுவான நம்பிக்கை ஒன்று ஓடுகிறது: சொல் யாருடையதோ பொருளும் அவருடையது, பொருள் யாருடையதோ நாகரிகமும் அவருடையது. சண்டை முழுக்க ‘யாருடையது’ என்பதில்தான். ‘உடையது’ என்பதை இரு தரப்பும் கேள்வி கேட்பதில்லை.

இந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்க்கப் பெரிய தத்துவமெல்லாம் வேண்டாம். தேய்ந்துபோன ஒரு சொல் போதும். தம்பாக்கு.

இன்றைக்குச் சூலூர் பஸ் ஸ்டாண்டில் நின்று தம்பாக்கு என்றால், வடநாட்டுத் தொழிலாளி யாராவது புகையிலைப் பொட்டலத்தை எடுத்து நீட்டலாம். இந்தியில் அந்த ஒலிக்கு அதுதான் பொருள். ஆனால் தமிழ் அகராதிகளில் தம்பாக்கு ஓர் உலோகம்; செம்பைச் சேர்த்து உருக்கிய கலப்புலோகம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி அதை மலாய்ச் சொல்லிலிருந்து வந்ததாகக் குறிக்கிறது. புகையிலைத் தம்பாக்குக்கும் உலோகத் தம்பாக்குக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ஒலி ஒன்றாக இருப்பதால் வேரும் ஒன்றாக இருக்கும் என்று நம்புகிறவர்களுக்கு இந்தச் சொல் வாசலிலேயே வைக்கிற முதல் குட்டு இது.

2

கடல் கடந்து போவதற்கு முன்னால், உறவுமொழிகளுக்கு இடையே ஒரு சொல் பிறந்து வளர்ந்ததா, வாங்கி வைத்ததா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இதற்கு நம் வீட்டுக்குள்ளேயே உதாரணம் இருக்கிறது. தமிழில் புலி, கன்னடத்தில் ஹுலி. நமக்குப் பால், அவர்களுக்கு ஹாலு. நமக்குப் பல், அவர்களுக்கு ஹல்லு. சொல்லின் முதலில் நின்ற பழைய பகரம் கன்னடத்தில் ஒழுங்காக ஹகரம் ஆயிற்று. பங்காளி வீட்டுச் சொற்களின் அடையாளம் இந்த ஒழுங்கான வேறுபாடுதான். ஒரே மாதிரி இருப்பதை வைத்து உறவைச் சொல்ல முடியாது. ஒரே விதிப்படி வேறுபடுவதை வைத்துத்தான் சொல்ல முடியும். கோயம்புத்தூரில் செய்த பம்ப் கர்நாடகத்துக்குப் போனால் ‘ஹம்ப்’ ஆவதில்லை. பம்ப்பாகவே தண்ணீர் இறைக்கிறது. காரணம், அது வாங்கிய சொல். பகரம் ஹகரமான காலம் முடிந்து பல நூற்றாண்டுகளுக்குப் பிறகு வந்து சேர்ந்த சொல்.

இந்த அளவுகோலைச் செம்பு மேல் வைத்துப் பார்ப்போம். சிவப்பைக் குறிக்கும் பழைய அடிச்சொல் தமிழில் சகரத்தோடு நிற்கிறது: செம்மை, செம்பு. கன்னடத்தில் அது ககரத்தோடு நிற்கிறது: கெம்பு, அதாவது சிவப்பு. நம் செவி அங்கே கிவி. நம் சேரி அங்கே கேரி. இந்தக் கணக்குப்படி, செம்பு என்ற சொல் கன்னட வீட்டிலேயே வளர்ந்திருந்தால் ககரத்தில் தொடங்கியிருக்க வேண்டும். ஆனால் கன்னடத்தில் தண்ணீர் மொள்ளும் சிறு பாத்திரத்துக்குப் பெயர் ‘செம்பு’, நம் ஊர் மாதிரியே. ஆகவே அது தமிழ்ப் பக்கமிருந்தோ தெலுங்குப் பக்கமிருந்தோ பாத்திரத்தோடு வீட்டுக்குள் வந்த சொல் என்று கொள்வதே பொருத்தம். தெலுங்கிலும் செம்பு என்றால் பாத்திரம். உலோகத்துக்குப் பெயர் ராகி. கன்னடத்தில் உலோகம் தாம்ரம். மலையாளத்தில் மட்டும் செம்பு உலோகமாகவே நிற்கிறது. ஆக, நம் வீட்டு உலோகச் சொல் உறவுமொழிகளுக்குப் போகும்போது உலோகமாகப் போகவில்லை, சொம்பாகப் போயிருக்கிறது. தெலுங்கும் கன்னடமும் வீட்டுமொழியாகப் பேசுகிற குடும்பங்கள் தெருவுக்குத் தெரு இருக்கிற கொங்கு நாட்டில் இந்தக் கொடுக்கல் வாங்கலை விளக்க ஆராய்ச்சி மாநாடு வேண்டியதில்லை. அடுத்த வீட்டில் போய்ச் சொம்பை இரவல் வாங்கினால் போதும்.

3

மலாய்க்கு வருவோம். மலாயில் செம்புக்குத் ‘தெம்பாகா’ என்று பெயர். யவமொழியிலும் தெம்பாகாதான். சுந்தா மொழியில் தம்பாகா. சுமத்ராவின் தொபா பாதாக் மொழியில் தொம்பாகா, மினாங்கபாவில் தம்பாகோ. பிலிப்பைன்ஸின் தகாலோக் மொழியில் தும்பாகா. இவை எல்லாம் ஆஸ்திரோனேசியக் குடும்பத்து மொழிகள். தமிழும் கன்னடமும்போல் ஒன்றுக்கொன்று உறவு. அப்படியானால் இந்தச் சொல் அந்தக் குடும்பத்தின் பரம்பரைச் சொத்தா?

புலி–ஹுலி சோதனையை இங்கேயும் வைக்கலாம். கல் மலாயில் ‘பத்து’, யவமொழியில் வத்து, மலகாசியில் வாத்து. (மலேசியாவின் பத்துமலையில் இருக்கிற பத்து, நம் காதுக்கு எண்ணாகக் கேட்கிறது. அது மலாய்க் கல்.) மலாயில் நரம்பு ‘உராத்’, தகாலோக்கில் உகாத். மலாயில் இரும்பு ‘பெசி’, யவமொழியில் வெசி. இவை தத்தம் விதிப்படி உருமாறி நிற்கிற சொற்கள். செம்பின் பெயரோ உயிரெழுத்தில் கொஞ்சம் அசைந்து கொடுத்ததைத் தவிர தீவுக்குத் தீவு அப்படியே இருக்கிறது. கோயம்புத்தூர் பம்ப் மாதிரி. துறைமுகங்களின் பொதுமொழியாக இருந்த மலாய் இந்தச் சொல்லைக் கப்பலேற்றிக் கொண்டுபோய் உறவுமொழிகளிடம் இறக்கியிருக்கிறது.

மலாய்க்கு அது எங்கிருந்து வந்தது? இந்தியாவிலிருந்து. ஹென்றி யூலும் பர்னலும் 1886இல் வெளியிட்ட ‘ஹாப்ஸன்-ஜாப்ஸன்’ அகராதி, மலாய்ச் சொல்லைச் சமஸ்கிருதத் ‘தாம்ரக’த்தில் கொண்டுபோய் இணைக்கிறது. இந்த இடத்தில் சமஸ்கிருதக் கட்சி கைதட்டத் தயாராகிவிடும். கொஞ்சம் பொறுக்கச் சொல்ல வேண்டும். தெம்பாகாவில் இருப்பது ‘ம்ர’ அல்ல, ‘ம்ப’. இந்த ‘ம்ப’ ஏட்டுச் சமஸ்கிருதத்தின் ஒலி கிடையாது. அதைப் பேச்சில் தேய்த்துப் புழங்கிய பிராகிருதங்களின் ஒலி. அதனால்தான் இந்தியில் தாம்பா, மராத்தியில் தாம்பே, சிங்களத்தில் தம்ப. மலாய்க்காரன் காதில் விழுந்தது யாகசாலைச் சொல் இல்லை, சந்தைச் சொல். ராஜா என்ற சொல்லை அரண்மனை வழியாக வாங்கிய அதே மலாய், செம்பின் பெயரைப் பேரம் பேசுகிற வாயிலிருந்து வாங்கியிருக்கிறது. எழுத்தில் ஓதியவர்களின் வடிவம் ஒன்று, எடை போட்டு விற்றவர்களின் வடிவம் வேறொன்று. கடலைத் தாண்டியது இரண்டாவதுதான்.

தமிழ்க் கட்சிக்கும் இங்கே ஒரு ஆசை எழலாம். மகரத்துக்குப் பின் பகரம் மெலிந்து ஒலிப்பதும் உயிர்களுக்கு நடுவில் ககரம் மெலிவதும் தமிழ் நாக்கின் பழக்கம்தானே. அப்படியானால் சொல்லைக் கொண்டுபோனது தமிழ் வணிகர்தானே என்று. போயிருக்கலாம். கப்பல், கடை, பெட்டி மூன்றும் மலாயில் காபால், கெடாய், பெத்தி என்று இன்றும் புழங்குகின்றன. ஆனால் ‘போயிருக்கலாம்’ என்பதிலிருந்து ‘போனார்’ என்பதற்குத் தாண்டுகிற அந்த ஒரு எட்டில்தான் நம் சொல்லாராய்ச்சி வழக்கமாகக் காலை முறித்துக்கொள்கிறது. ஒலி அனுமதிப்பது வேறு, ஒலி நிரூபிப்பது வேறு.

4

மலாயிடமிருந்து போர்த்துகீசியர் வாங்கினார்கள். 1511இல் மலாக்கா அவர்கள் கைக்குப் போயிற்று. செம்பும் பொன்னும் கலந்த பொருட்கள் அவர்கள் வாயில் ‘தம்பாக்கா’ ஆயின. பிரெஞ்சில் தொம்பாக், ஜெர்மனில் தொம்பக். 1680களில் சயாமுக்குப் போன பிரெஞ்சுத் தூதர்கள் அந்த நாட்டின் மதிப்பு மிக்க உலோகமாகத் தம்பாக்கைப் பற்றி எழுதினார்கள். ஐரோப்பாவுக்குள் போன பிறகு பொன் உதிர்ந்துவிட்டது. செம்பு மிகுந்த பித்தளை வகைக்கு அது பெயராயிற்று, மலிவு நகைக்கும் பொத்தானுக்கும் உதவியது. பிறகு துப்பாக்கி ரவையின் மேலுறைக்கும் அதே உலோகம். இந்தச் சுற்றில் எங்கோ ஒரு கட்டத்தில் தமிழும் அதை வாங்கித் தம்பாக்கு என்று வைத்துக்கொண்டது. ஏற்கெனவே செம்பு இருந்தது, ஏட்டு வழியாகத் தாமிரமும் வந்திருந்தது. தாமிரத்தின் சந்தை வடிவமே கடல் சுற்றி அடையாளம் தெரியாமல் திரும்பி வந்தபோது, தமிழ் அதைப் புது விருந்தாளியாக உட்கார வைத்தது.

இன்னொரு கிளை கிழக்கே போயிற்று. பிலிப்பைன்ஸிலிருந்து மெக்ஸிகோவுக்கு 1565 முதல் 1815 வரை ஸ்பானியக் கப்பல்கள் ஓடின. ஸ்பானிய மொழி மலாய் உலகத்துச் சொல்லைத் ‘தும்பாகா’ என்று எடுத்துக்கொண்டது. இன்று கொலம்பியாவின் கிம்பாயா மக்கள் ஐரோப்பியர் வருவதற்கு முன்பே வார்த்த பொன்–செம்புக் கலங்களைத் தொல்லியலாளர்கள் ‘தும்பாகா’ என்றுதான் அழைக்கிறார்கள். மலாயையோ மலாய்க்காரனையோ கனவிலும் கண்டிராத கைகள் செய்த உலோகத்துக்கு மலாய்ப் பெயர்!

அந்தப் பக்கத்தில் அதற்குப் பெயரே இல்லாமலா இருந்தது? இருந்தது. கரீபியத் தீவுகளின் தாய்னோ மக்கள் இத்தகைய கலவையைக் ‘குவானீன்’ என்றார்கள். தூய பொன்னைவிட உயர்வாக மதித்தார்கள். கொலம்பஸ் அனுப்பிய மாதிரியை ஸ்பெயினில் உரசிப் பார்த்ததில் 32 பங்கில் 18 பொன், 6 வெள்ளி, 8 செம்பு என்று கணக்கு வந்ததை லாஸ் காசாஸ் பதிவு செய்திருக்கிறார். கணக்குப் போட்டார்கள், பெயர் ஒதுங்கிவிட்டது. அதே கரீபியத்திலிருந்து வந்ததாகப் பெரும்பாலும் ஏற்கப்படுகிற ‘தபாக்கோ’ என்ற சொல் மட்டும் போர்த்துகீசியர் வழியாக இந்தியா வந்து தம்பாக்கு ஆகி, முதலில் சொன்ன பொட்டலத்தில் உட்கார்ந்திருக்கிறது. வாங்கி விற்க முடிந்த இலையின் பெயர் உலகமெல்லாம் போயிற்று. உருக்கிக் கட்டியாக்கிக் கொண்டுபோன உலோகத்தின் பெயர் அது பிறந்த இடத்தில்கூடத் தங்கவில்லை.

5

இப்போது பழைய நம்பிக்கைக்குத் திரும்புவோம்: சொல்லும் பொருளும் ஒரே வண்டியில் போகின்றன என்பதற்கு. கொலம்பியாவில் பொருள் முன்னமே இருந்தது, சொல் பிறகு தனியாக வந்தது. இதற்கு நேர் எதிரான சாட்சி சூலூர் மண்ணிலேயே கிடைத்திருக்கிறது. இங்கே பெருங்கற்காலப் புதைகுழி ஒன்றில் மத்தியப் பிரதேசத்து ஏரண் நகரத்தின் செப்புக்காசு ஒன்று கிடைத்ததைத் தொல்லியல் எழுத்துகள் குறிப்பிடுகின்றன. நொய்யல் கரையில் செத்தவனோடு புதைக்கிற அளவுக்கு வடக்கத்திச் செம்பு இங்கே வந்து மதிப்புப் பெற்றிருக்கிறது. காசு வந்தது, அதனால் செம்பு என்ற சொல் இங்கே அழிந்துபோகவில்லை. பொருள் வரும், சொல் வராது; சொல் வரும், பொருள் வராது. இரண்டும் சேர்ந்து வந்தாலும் செய்தவன் வருவதில்லை.

செய்தவனுக்கான சாட்சி வேறு வகையானது. தாய்லாந்தின் தென்பகுதியில், கிராபிப் பக்கம் குளோங் தொம் என்ற இடத்தில் ஒரு சிறிய உரைகல் கிடைத்தது. பொன்னை உரசி மாற்றுப் பார்க்கிற கல். அதில் கி.பி. 3–4ஆம் நூற்றாண்டுத் தமிழ் பிராமி எழுத்தில் ‘பெரும்பதன் கல்’ என்று பொறித்திருக்கிறது. ஒரு தமிழ்ப் பொற்கொல்லன் தன் பெயரைத் தன் கருவியில் எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறான். சுமத்ராவின் பாருஸில் 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவைச் சொல்கிறது. தமிழர் அங்கே போனார்கள் என்பதற்கு இவை போதும். ‘தெம்பாகா’வைப் பிடித்து முறுக்கித் தமிழ் வேர் பிழிய வேண்டியதில்லை. அதோடு இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பெரும்பதனின் கல் சொல்வது ‘தமிழன் பொன்னைக் கண்டுபிடித்தான்’ என்பதையல்ல. ஒரு தொழிலாளி பிழைப்புத் தேடிக் கடல் தாண்டியிருக்கிறான், தன் கருவி தொலைந்துபோகக் கூடாதென்று பெயர் எழுதியிருக்கிறான் என்பதை. நொய்யலின் கீழ்ப்பகுதியில் கொடுமணலில் இரும்பு உருக்கியவர்களும் கல்மணி செய்தவர்களும் வாழ்ந்த இடத்தில் கிடைத்த பானையோடுகளிலும் இப்படித்தான் ஆள்பெயர்கள். அங்கே ‘உடையது’ என்பதற்கு ஒரு பானை அளவுதான் பொருள். அதை நாகரிக அளவுக்கு ஊதியது நாம்.

இந்த ஊதலுக்கு ஒரு விலை இருக்கிறது. சொல்லுக்குப் பட்டா கேட்கும்போது, வாதி பிரதிவாதி இரண்டு பேருமே மொழிகள்தான். தமிழ், சமஸ்கிருதம், மலாய் என்று மொழிகள் ஆட்களைப்போல நடமாடும், கொடுக்கும், திருடும். கொல்லன், சுரங்கக்கூலி, தரகன், படகோட்டி எல்லோரும் அந்தப் பெயர்களுக்குள் காணாமல் போவார்கள். ஒரு சொல்லின் வடிவம் அதிகபட்சம் கடைசியாக விற்றவனின் முகவரியைத் தரும். அதைச் செய்தவனின் முகவரி என்று படிப்பது வாசிப்புப் பிழை மட்டும் அல்ல. விற்றவனுக்குச் சாதகமான வாசிப்பு.

6

இன்றைய கொங்கு நாட்டில் இந்த உலோகத்துக்கு மூன்று பெயர். செம்பு என்று சொன்னால் கோயில் குடம், பூசைச் சாமான், அப்புறம் சொம்பாக மாறிய பாத்திரம். தாமிரம் என்றால் பாடப்புத்தகம், பத்திரிகைச் செய்தி, அரசாணை. தொழிலில் புழங்குவது காப்பர். ஜி.டி. நாயுடு பிறந்த கலங்கல் சூலூருக்குப் பக்கம்தான். அவரும் பாலசுந்தரம் நாயுடுவும் உள்நாட்டு மின்மோட்டாரை உருவாக்கிய 1937க்குப் பிறகு இந்த வட்டாரமே மோட்டாரும் பம்ப்செட்டுமாக ஆயிற்று. பட்டறையில் காயில் கட்டுகிறவர், மோட்டார் எரிந்துபோய்த் தூக்கிக்கொண்டு வருகிற விவசாயி, தோட்டத்தில் கம்பி திருட்டுப் போனவர், பழைய இரும்புக் கடைக்காரர் எல்லோருக்கும் அது காப்பர். “காப்பர் என்ன வெலைங்க போகுது?” என்றுதான் கேட்பார்கள். தனித்தமிழ் அன்பர்கள் இதைக் கேட்டு வருந்துவார்கள். ஆனால் ஆங்கிலத்துக் காப்பரும் யாருடைய பிறவிச் சொத்தும் இல்லை. சைப்ரஸ் தீவின் உலோகம் என்று ரோமர்கள் வைத்த பெயரின் தேய்வு அது. அங்கேயும் தங்கிப்போனது சரக்கு வந்த ஊரின் பெயர்.

மூன்று சொல்லும் ஒரே உலோகத்தைச் சுட்டுகின்றன, ஒரே உலகத்தைச் சுட்டவில்லை. செம்பு சடங்கின் சொல், தாமிரம் அதிகாரத்தின் சொல், காப்பர் சந்தையின் சொல். எது தூய்மை என்று கேட்பதைவிட, யார் எந்தச் சொல்லை எங்கே பயன்படுத்தக் கட்டாயப்படுகிறார்கள் என்று கேட்பது பயன் தரும். தூத்துக்குடியில் 2018 மே மாதத்தில் போலீஸ் சுட்டதில் 13 பேர் செத்தபோது செய்திகளில் அது ‘தாமிர உருக்காலை’. நிறுவனத்தின் பெயரில் அது ‘காப்பர்’. செம்பு என்ற ‘நம்’ சொல் அங்கே யாரையும் காப்பாற்ற வரவில்லை; அந்நியச் சொல் என்பதற்காக யாரும் சாகவும் இல்லை. தண்ணீரும் காற்றும் கெட்டது எந்த மொழியில் சொன்னாலும் கெட்டதுதான்.

மலாய்ச் சொல்லுக்கும் இப்படி ஒரு ஊர் இருக்கிறது. இந்தோனேசிய ஆட்சியில் உள்ள பப்புவாவின் மலைகளில், அமுங்மே மக்களின் நிலத்தில், 1970களின் தொடக்கத்தில் அமெரிக்க நிறுவனம் ஒன்று செம்பு தோண்டத் தொடங்கியது. சுரங்க நகரத்துக்கு 1973இல் அதிபர் சுகார்த்தோ காலத்தில் வைத்த பெயர் ‘தெம்பாகாபுரா’. செம்புநகரம். முன்பாதி பிராகிருதச் சந்தையிலிருந்து மலாய் வழியாக வந்தது, பின்பாதி நமக்குத் தெரிந்த புரம். சொல்லுக்குப் பட்டா கேட்கிறவர்கள் தாராளமாக அந்த ஊருக்கும் போகலாம்; நம் சொல், நம் புரம் என்று பெருமைப்பட்டுக்கொள்ளலாம். ஆனால் அந்தப் பெயரில் அமுங்மே மொழியின் ஓர் எழுத்துகூட இல்லை. அவர்கள் மலையை அவர்கள் எப்படி அழைத்தார்கள் என்று கேட்காமல் ‘தெம்பாகா’வின் வேரை மட்டும் தேடுகிற ஆராய்ச்சி, கடைசியில் அந்தச் சுரங்கத்தின் பெயர்ப்பலகைக்கு வர்ணம் அடிக்கிற வேலையாகத்தான் முடியும்.

சொல்லாராய்ச்சியை விட்டுவிடச் சொல்லவில்லை. ஒலி விதிகள் வேண்டும்; அவை இல்லாவிட்டால் புகையிலையையும் உலோகத்தையும் ஒரே தம்பாக்கில் போட்டு முடிந்துவிடுவோம். ஆனால் விதிகள் வழியைத்தான் காட்டும், வாரிசை அறிவிக்காது. வழி தெரிந்த பிறகு கேட்க வேண்டிய கேள்வி வேறு: இந்த வழியில் யார் சுமந்தார்கள், யார் எடை போட்டார்கள், யாருடைய சொல் கீழே விழுந்தது? குவானீனுக்குக் கேட்க வேண்டிய இந்தக் கேள்வியைச் சூலூர்ப் பட்டறையில் காயில் சுற்றுகிறவரிடமும் கேட்கலாம். அவர் கைவேலைக்கென்று அவரே உண்டாக்கிக்கொண்ட சொற்கள் இருக்கும். அவற்றைத் தொகுத்து வைத்தால், அடுத்த நூற்றாண்டில் யாராவது அவருடைய உலோகத்துக்கு வேறெங்கிருந்தோ பெயர் கொண்டுவர வேண்டியிருக்காது.